அடுப்படிப் பலகை

ஜூன் 5

அக்காவுக்குத் தங்கை எழுதுவது.

வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, புதுச் செருப்புதான் குதிகாலைக் கடிக்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, அத்தானின் இருமல் நின்றதா, குட்டிப்பயல் என்னைத் தேடி அழுதானா என்று எழுது. அழவில்லை என்றால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும், இருந்தாலும் உண்மையையே எழுது.

நீ கிண்டல் செய்த மாதிரியே இங்கேயும் எனக்குச் சமையல்தான். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் நானூறு பேருக்கு ஆக்குகிறோம். உப்பில்லாதது ஒரு பக்கம், சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு பக்கம், மெல்ல முடியாதவர்களுக்கு அரைத்துக் கொடுப்பது ஒரு பக்கம். என்னை அரைக்கிற பக்கம் போட்டிருக்கிறார்கள். மேற்பார்வை பார்க்கிற அம்மாள் முதல் நாளே, வீட்டில் சமைத்த பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா, இங்கே கண்ணளவு கிடையாது, தராசுதான் என்றார். எனக்கு ரோஷமாக இருந்தது. எட்டு வருஷம் உன் வீட்டில் கண்ணளவில் ஆக்கிப் போட்டு யாருக்கு என்ன ஆகிவிட்டது?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே மூன்று மணிக்கு மணி அடிக்கும். அடித்தால் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம், வேலை முடிந்தது. முதல் நாள் வெளியே வந்து அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே கால் மணி நேரம் நின்றேன். சைக்கிள் நிறுத்துமிடத்துக் காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

அடுப்படிப் பலகையில் நான் எழுதி வைத்தபடி நடக்கிறதா? தடியன் பாலும் குப்பையும், வாலு துணி மடிப்பதும் தட்டு வைப்பதும், குட்டிப்பயல் செருப்பை வரிசைப்படுத்துவது. என் பெயருக்கு நேரே இருந்ததை நீயும் அத்தானும் பிரித்துக்கொள்ளுங்கள். நாலு பிள்ளை பெற்றும் அத்தானின் பெயர் அந்தப் பலகையில் ஏறியதே இல்லை, இனியாவது ஏறட்டும். பெரியவளை மட்டும் காய் நறுக்குவதோடு விட்டுவிடு. அவளுக்கு இது பத்தாம் வகுப்பு. கணக்கு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ண மட்டும் விட்டுடாதீங்க" என்று சொன்னது உனக்குத் தெரியும்.

எல்லோர் நலத்தையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை

*

ஜூன் 24

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே ஆறு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறோம். என் முதுகு உன்னை விசாரித்தது. அத்தானின் இருமல் பஸ் ஓட்டும்போது மட்டும் நிற்கிறதாம், வீட்டுப்படி ஏறியதும் வந்துவிடுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதே.

குட்டிப்பயல் அழுதான். மூன்று நாள் உன் பழைய போர்வையை இழுத்துக்கொண்டு அலைந்தான், நாலாம் நாள் மறந்துவிட்டான். உண்மையைக் கேட்டாய், எழுதிவிட்டேன்.

எட்டு வருஷம் என்று கணக்குச் சொல்கிறாய். வாலு பிறந்தபோது மூன்று மாதத்துக்கு என்று வந்தாய், பிறகு நீயாகத்தான் இருந்தாய். நான் உன்னைக் கட்டிப் போடவில்லை. கட்டிப் போட்டிருந்தால் போயிருக்க மாட்டாய். சரி, விடு. அங்கே மணி அடிக்கிறதென்றால் சந்தோஷம்தான். இங்கே காலையில் அடிப்பது தடியனின் தொண்டை மட்டும். ஒரு காலுறையைக் காணோம் என்றால் தெருவுக்கே தெரியும்.

பலகை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாலு ஸ்டூலில் ஏறி, "அப்பா – தண்ணீர் பிடிப்பது" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அத்தான் படித்தார், "எம்பேரு எழுத்துல நல்லாத்தான் இருக்கு" என்றார், டிப்போவுக்குப் போய்விட்டார். அன்று தண்ணீரைப் பெரியவள் பிடித்தாள். சமையலை நான்தான் பார்க்கிறேன், அவள் பக்கத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். சும்மா சொல்லக்கூடாது, உன் கை அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. தடியன் நேற்று வழித்து நக்கிவிட்டு, சித்தி சமைத்ததா என்று கேட்டான்.

தையல் மெஷினில் துணி குவிந்து கிடக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூலை 13

அக்காவுக்கு,

நான் சுகம், நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே மழை. அறையில் என்னோடு இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி ஆஸ்பத்திரிச் சலவையில், இன்னொருத்தி எக்ஸ்ரே அறையில். மூன்று பேருக்கும் ஒரே ஒரு குடை, அதனால் மழை நாளில் எக்ஸ்ரேக்காரிக்கு முன்னுரிமை. சலவைக்காரிக்கு நனைவது புதிதில்லையாம், அவளே சொல்லிக்கொள்கிறாள்.

ஒரு நல்ல செய்தி. டிசம்பரில் இங்கே ஒரு பரீட்சை வைக்கிறார்கள், நோயாளிக்கு எது எவ்வளவு கொடுக்கலாம் என்பதைப் பற்றி. தேறினால் வேலை நிரந்தரம். மேற்பார்வை அம்மாள் என் பெயரையும் கொடுத்திருக்கிறார். இருபத்தொன்பது வயதில் புத்தகத்தை விரித்தால் எழுத்தெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. இருந்தாலும் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் என்னை எதற்கும் கூப்பிடாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெரியவளின் முதல் பரீட்சை முடிந்திருக்குமே. மதிப்பெண் எவ்வளவு? கணக்கில் மட்டுமாவது எழுது. காலையில் நாலு டப்பாவையும் யார் கட்டுகிறார்கள்?

உன் தங்கை

*

ஆகஸ்ட் 29

தங்கச்சிக்கு,

பதில் எழுதத் தாமதம். கோபம் ஒன்றுமில்லை, நேரம்தான் இல்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். தடியனுக்கு முன்பல் பாதி உடைந்தது, பந்து விளையாட்டில். வாலுவுக்குப் பேன். குட்டிப்பயல் செருப்பை வரிசைப்படுத்துகிறேன் என்று எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் போட்டான். அன்று அத்தான் ஈரச் செருப்போடு எட்டு மணி நேரம் பஸ் ஓட்டிவிட்டு வந்து என்னைத் திட்டினார்.

டிப்போவில் கேன்டீனை மூடிவிட்டார்கள். அத்தானின் டப்பாவைத் திறந்தால் நாலு பேர் கை நீட்டுகிறார்களாம். அப்புறம் அவர்களே, வீட்டுச் சாப்பாடு எங்களுக்கும் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். முதலில் இரண்டு, இப்போது வீட்டு டப்பாவையும் சேர்த்துப் பதினொன்று. உள்ளூரிலும் ஊருக்குச் சமைக்க முடியும் என்று காட்டிவிட்டோம் பார். இந்த வருஷம் பள்ளிச் சீருடைத் துணி தைக்க நம்மிடம் வரவில்லை, வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அதனால் இது ஒரு நல்ல காரியமாகவே போயிற்று.

கொண்டைக்கடலையை எவ்வளவு நேரம் ஊறவைப்பாய்? மொத்தமாகப் போட்டால் நடுவில் இருப்பது வேகாமல் நிற்கிறது. பெரியவள் கேட்கச் சொன்னாள்.

உன் பரீட்சைக்கு நன்றாகப் படி. நம் வீட்டில் ஒருத்தியாவது பரீட்சை எழுதட்டும்.

அக்கா

*

செப்டம்பர் 8

அக்காவுக்கு,

எனக்கு ஒரு குறையுமில்லை. தடியனின் பல்லைப் பல் டாக்டரிடம் காட்டு, சும்மா விடாதே. வாலுவின் தலையைச் சுற்றித் துணி கட்டித் தனியாகப் படுக்க வை, இல்லையென்றால் பெரியவளுக்கும் வரும்.

உன் கடிதத்தை வந்த அன்றே மூன்று தடவை படித்தேன். முதலில் ஒரு சின்ன விஷயம். உன் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், ஒரு தாளில் ஊர்க்கதையை அடக்கிவிடுவாய். இப்போது ஒரு வரிக்கு நாலே சொல் நிற்கிறது, கோடு தாண்டிப் போகிறது. அவசரமா, வேறு ஏதாவதா?

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு டப்பா. அக்கா, அந்த அடுப்படியில் எட்டு வருஷம் நின்றவள் நான். இரண்டு அடுப்பு, அதில் இடது பக்கத்தது சரியாக எரியாது. பெரிய பானை ஒன்றுதான். நாலு டப்பாவுக்கே நான் ஐந்து மணிக்கு எழுந்தால் ஏழு மணி ஆகும். பதினொன்று என்றால் சோற்றை இரண்டு உலையாக வைக்க வேண்டும், ஒன்பதுக்கு முன்னால் மூடி போட முடியாது. பிறகு பானையைக் கழுவ வேண்டும். பள்ளி மணி எட்டுக்கு அடிக்கும். நீ முதுகோடு அவ்வளவு நேரம் நிற்க மாட்டாய். கொண்டைக்கடலை வேகவில்லை என்று கேட்டவளும் நீ இல்லை.

நான் ஜூலையில் மதிப்பெண் கேட்டேன். நீ பல், பேன், செருப்பு எல்லாம் எழுதினாய். பெரியவள் பள்ளிக்குப் போகிறாளா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது, வேறு எதுவும் வேண்டாம்.

கொண்டைக்கடலை எட்டு மணி நேரம்.

உன் தங்கை

*

செப்டம்பர் 30

அன்புள்ள சித்திக்கு,

பெரியவள் எழுதும் கடிதம். நாங்கள் இங்கே நலம், உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு வேலை அதிகம் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

நான் பள்ளிக்குப் போகிறேன். நன்றாகப் படிக்கிறேன். மதிப்பெண் நல்ல மதிப்பெண். வீட்டில் எல்லோரும் எனக்கு உதவியாக இருக்கிறார்கள். நீங்கள் கவலைப்படாமல் உங்கள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார்கள். தம்பி பல் கட்டிக்கொண்டான். தங்கைக்குப் பேன் போய்விட்டது.

தடியனும் வாலுவும் குட்டிப்பயலும் உங்களை விசாரித்தார்கள்.

இப்படிக்கு,
பெரியவள்

பி.கு. சித்தி, இருபது பேருக்கு என்றால் உப்பையும் அப்படியே பெருக்கிப் போடலாமா, குறைத்துப் போட வேண்டுமா? உங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு ஏதாவது சூத்திரம் இருக்கிறதா? பெருக்கிப் போட்டால் கரிக்கிறது. எனக்கு ஏன் என்று புரியவில்லை.

*

அக்டோபர் 9

அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலம் என்று எழுதியதை நம்பவும் முடியவில்லை.

பத்தாம் வகுப்பில் படிக்கிற பெண், மதிப்பெண் எவ்வளவு என்றால் எண்ணைச் சொல்லுவாள். நல்ல மதிப்பெண் என்று சொல்ல மாட்டாள். இந்தப் பெண் எண்ணைத் தவிர வேறெதையும் சொல்லத் தெரியாதவள். பள்ளியில் விகிதம் போட வேண்டியவள் உப்புக்குச் சூத்திரம் கேட்கிறாள். அந்தப் பின்குறிப்பை நீ படித்திருந்தால் கிழித்திருப்பாய். உன்னிடம் காட்டாமல் எழுதினாளா, காட்டியும் உனக்கு உறைக்கவில்லையா?

உன்னிடம் சண்டை போட வரவில்லை. ஒரு வழி சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே பெண்கள் பள்ளி ஒன்று இருக்கிறது. நேற்று வேலை முடிந்ததும் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். நடுவில் சேர்ப்பது வழக்கமில்லை, நவம்பர் பதினைந்துக்குள் பிள்ளையை நேரில் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். என் அறையில் இன்னொரு கட்டில் போட மற்ற இரண்டு பேரும் சரி என்றுவிட்டார்கள். அவளை அனுப்பு. நானே வந்து கூட்டிப்போக வேண்டும் என்றாலும் சரி.

டப்பாவை நிறுத்து, அல்லது அத்தான் எழுந்து பானையைக் கழுவட்டும். தடியனுக்குப் பன்னிரண்டு வயது, எடுத்தெறிந்த பந்தைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு அகப்பையைப் பிடிக்கத் தெரியாதா? பதினைந்தாம் தேதியை மறக்காதே.

உன் தங்கை

*

நவம்பர் 27

தங்கச்சிக்கு,

தேதி போய்விட்டது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் நீ வந்து நின்றிருப்பாய். இங்கே சுகத்துக்கு என்ன குறை, நீ நன்றாக இரு.

பள்ளியில் அவள் பெயரை ஜூலையிலேயே அடித்துவிட்டார்கள். கணக்கு டீச்சர் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை நான் கதவைத் திறக்கவில்லை. போதுமா?

இப்போது நீ கேட்காததையும் எழுதுகிறேன். எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. நீ இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது, ஊசியில் நூல் கோர்க்க வாலுவைக் கூப்பிடுவேனே, செல்லத்துக்கு என்று நினைத்தாய். சீருடை வேறு யாருக்கும் போகவில்லை. நான் வெட்டிய நாற்பது சட்டையில் இடது கையும் வலது கையும் நீளம் ஒத்துப்போகவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு டாக்டரிடம் காட்டியாயிற்று, உள்நரம்பு வாடுகிறதாம், கண்ணாடியும் கத்தியும் உதவாதாம். உன் ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று எழுதாதே, இந்தப் பதிலை மூன்றாவது தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. அத்தானின் ஒரு சம்பளத்தில் ஆறு வயிறு நிரம்பாது. டப்பா இல்லையென்றால் அடுப்பில்லை.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் கேள். நானும் ஒன்று கேட்கிறேன். என் பிள்ளையை அடுப்புக்குப் பழக்கியது யார்? ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்வரை அவளுக்கு உலை வைக்கத் தெரியாது. நீ போவதற்கு முந்தின ஒரு வருஷம், மாதத்துக்கு ஒரு வேலையாக, பலகையில் உன் பெயரை அழித்து அவள் பெயரை எழுதினாய். ஒரு மாதம் காலைக் கஞ்சி, அடுத்த மாதம் பருப்பு, அதற்கடுத்த மாதம் டப்பா. ஆஸ்பத்திரி வேலைக்கு நீ மனுப் போட்ட விஷயம் எனக்குப் பிறகுதான் தெரியும். பலகை மாறுவது அப்போதே தெரிந்தது. அது கண் தெரிந்த காலம்.

எனக்கும் அது வசதியாக இருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டி எனக்குக் கடிதம் எழுதாதே.

அக்கா

*

டிசம்பர் 20

பெரியவளுக்கு,

இதைப் பால்கடை அம்மாளின் முகவரிக்கு அனுப்புகிறேன். காலையில் பால் வாங்கத் தடியன் வராமல் நீயே வருகிறாய் என்று அவரே எனக்குத் தகவல் அனுப்பினார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதாதே.

உன் அம்மா எழுதியது எல்லாம் உண்மை. அதை உனக்கு என் வாயால் சொல்ல வேண்டும். நான் இந்த வேலைக்கு மனுப் போட்டபோது, வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அக்கா போகவிட மாட்டாள் என்று தெரியும். எனக்குப் பதிலாக ஒரு ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் கைக்கு எட்டியது நீதான். ஒரேயடியாகத் தூக்கி வைத்தால் நீ திமிறியிருப்பாய். அதனால் மாதத்துக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் முதலில் விளையாட்டாகச் செய்ய விட்டேன், பிறகு எல்லோர் முன்னாலும் புகழ்ந்தேன், பிறகுதான் பலகையில் பெயரை மாற்றினேன். புகழ்ந்த அன்றைக்கு மாற்ற மாட்டேன். இரண்டு நாள் விட்டு, நீயே, சித்தி நான் செய்யட்டுமா என்று கேட்கும்வரை காத்திருப்பேன்.

நீ முதன்முதலில் வைத்த பருப்பு அடிப்பிடித்திருந்தது. நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "எனக்குக்கூட இந்தப் பக்குவம் வராதுடி" என்றேன். உன் முகம் அப்படி மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் இது வேண்டாம் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம், இன்னும் பத்து மாதம்தான் என்று நினைத்தேன். படிப்பைக் கெடுப்பார்கள் என்று நினைக்கவில்லை என்று சொல்லலாம். நினைக்காமல் இருக்கப் பாடுபட்டேன் என்பதுதான் சரி.

நான் திரும்பி வந்து அடுப்பை ஏற்றுக்கொள்கிறேன், நீ பள்ளிக்குப் போ என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. அந்த வரி மட்டும் கையில் வரமாட்டேன் என்கிறது. பரீட்சை போன வாரம் முடிந்தது, தேறிவிடுவேன் போலிருக்கிறது. எனக்கு இந்த மூன்று மணி மணியோசை வேண்டும். என்னை நீ வெறுத்தாலும் சரி.

தலைமை ஆசிரியையை மறுபடி பார்த்தேன். இந்த வருஷம் முடியாது, ஜூனில் பத்தாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார். பயணச்சீட்டு இதோடு இருக்கிறது, ஜனவரி பத்தாம் தேதிக்கு. ஜூன் வரை காத்திருக்காமல் வந்துவிடு, அதுவரை இங்கே நானே உனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உப்புக்கு: பத்துப் பேருக்கு மேல் போனால் முக்கால் பங்கு போட்டு ருசி பார்த்துச் சேர். சூத்திரம் இருக்கிறது. வா, சொல்லித்தருகிறேன்.

சித்தி

*

ஜனவரி 18

அன்புள்ள சித்திக்கு,

பால்கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இந்தக் கடை அம்மாள் உங்களை ரொம்பவும் விசாரித்தார். எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்கு இடது மணிக்கட்டில் ஒரு சூடு பட்டது, ஆறிவிட்டது. நீங்கள் பரீட்சையில் தேறியிருப்பீர்கள்.

பத்தாம் தேதி நான் வரவில்லை. காத்திருந்திருப்பீர்கள், மன்னியுங்கள். இப்போது இருபத்தாறு டப்பா. அம்மாவுக்குக் கண் இன்னும் மங்கிவிட்டது, நெருப்பு எரிகிறதா என்று கையை நீட்டித்தான் பார்க்கிறார்கள். நான் திடீரென்று கிளம்பினால் ஒரு நாளுக்குக்கூட அடுப்பு எரியாது. அப்பா டப்பா தூக்கிப் போவதே பெரிய உதவி என்று நினைக்கிறார். பலகையில் தடியன் பெயரைச் சமையலுக்கு நேரே எழுதிப் பார்த்தேன். "ஆம்பளப் புள்ள கரண்டி புடிச்சா ஊரு சிரிக்கும்" என்று அம்மா தடவித் தடவிப் போய் அதை மட்டும் சரியாக அழித்தார்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது இங்கே பால் கேனுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அடிப்பிடித்த வாசனை எனக்கும் அன்றே வந்தது சித்தி. நீங்கள் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டதால்தான் நம்பினேன்.

பிறகு கடிதத்தை இன்னும் நாலு தடவை படித்தேன். அப்போது அழுகை வரவில்லை. ஒரு வேலையை இன்னொருத்தி கைக்கு எப்படி மாற்றுவது என்று இவ்வளவு தெளிவாக எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. முதலில் விளையாட்டு, பிறகு புகழ், இரண்டு நாள் இடைவெளி, பிறகு பெயர்.

வாலுவுக்கு ஏப்ரலில் ஒன்பது வயது. ஸ்டூல் போட்டால் அடுப்பு எட்டுகிறது. காலைக் கஞ்சி இப்போதே அவளுடையதாகிவிட்டது. பருப்பு இந்த வாரம். நேற்றுக் கருகிவிட்டது. எல்லோர் முன்னாலும் புகழ்ந்துவிட்டேன், நாளைக்கு அவளே கேட்பாள். நீங்கள் மாதத்துக்கு ஒன்றாகச் செய்தீர்கள், எனக்கு அவ்வளவு நாள் இல்லை. பன்னிரண்டு வேலை இருக்கிறது, ஜூனுக்குப் பத்தொன்பது வாரம், அதனால் பதினோரு நாளைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். பெரிய பானை மட்டும் அவளால் தூக்க முடியாது. அதற்குப் பதிலாக இரண்டு சின்னப் பானை பார்த்து வைத்திருக்கிறேன்.

இது தப்பு என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னீர்களே, நினைக்காமல் இருக்கப் பாடுபட்டேன் என்று, நானும் அப்படித்தான் பாடுபடுகிறேன்.

அந்தப் பயணச்சீட்டின் தேதியை ஜூன் முதல் வாரத்துக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். பள்ளியில் சேர என்னென்ன காகிதம் வேண்டும் என்றும் எழுதுங்கள். எது எழுதினாலும் இந்தக் கடைக்கே எழுதுங்கள். வீட்டுக்கு வருகிற கடிதத்தை அம்மாவுக்கு வாலுதான் படித்துக்காட்டுகிறாள். அவளுக்கு இப்போது எழுத்துக்கூட்டாமலேயே படிக்க வருகிறது.

இப்படிக்கு,
பெரியவள்